வேட்கையும் நிலவுடைமையும்: நகரத் திட்டமிடலில் பங்கேற்புக் கலை – ஹாம்பர்க், லிவர்பூல் முயற்சிகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

புதிய குடியிருப்புகள் எழும் இடங்களில் அங்கு வாழும் மக்களைத் திட்டமிடலில் ஈடுபடுத்தும் கலைமுயற்சிகள் கடந்த முப்பது ஆண்டுகளில் ஐரோப்பிய நகரங்களில் பெருகியுள்ளன. இவற்றைப் பங்கேற்புக் கலை என்னும் பெயரால் கலைத்திறனாய்வு அழைக்கிறது. இம்முயற்சிகள் மக்களின் உரிமையை விரிவாக்குகின்றனவா, முன்னரே எடுக்கப்பட்ட முடிவுகளுக்கு மக்களின் ஒப்புதலைப் பெற்றுத்தரும் கருவிகளாகின்றனவா என்பது இன்றுவரை தீராத வினாவாகும். ஹாம்பர்க் நகரின் பார்க் ஃபிக்‌ஷன், பிளான்பூட ஆகிய இரு முயற்சிகளையும் லிவர்பூல் நகரின் கிரான்பி முயற்சியையும் ஒப்பிட்டு, வினாவை அமைப்பவர் யார், விடைகளைத் தொகுப்பவர் யார், நிலத்தை உடைமையாகக் கொண்டவர் யார் என்னும் மூன்று அளவுகோல்களின் வழி இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பங்கேற்புக் கலை, நகரத் திட்டமிடல், வேட்கை உற்பத்தி, குடியிருப்பு, நிலவுடைமை, சமூக நில அறக்கட்டளை.

முன்னுரை

ஒரு நிலப்பரப்பில் என்ன கட்டப்பட வேண்டும் என்னும் முடிவு வரைபடத்தில் தொடங்குகிறது. வரைபடம் அதனைப் படிக்கப் பயின்றவர்க்கே பேசும். அந்நிலத்தில் நாள்தோறும் நடப்பவர், கடை வைத்திருப்பவர், அங்கு விளையாடும் சிறுவர் ஆகியோர்க்கு அது பெரும்பாலும் ஊமையாகவே இருக்கிறது. சட்டம் கட்டாயமாக்கும் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் இவ்விடைவெளியை நிரப்ப முயல்கின்றன. எனினும் அக்கூட்டங்களுக்கு வரைவுத் திட்டம் ஏறத்தாழ முடிவுற்ற நிலையில்தான் வருகிறது. மக்கள் ஏற்கலாம், மறுக்கலாம், சிறு திருத்தம் கோரலாம்; முதற்கோட்டை வரையும் வாய்ப்பு அவர்களுக்கு அரிதாகவே கிட்டுகிறது.

இந்த முதற்கோட்டை மக்களின் கைக்கு மாற்ற முடியுமா என்பதே பங்கேற்புக் கலையின் ஒரு கிளை எழுப்பிய கேள்வி. ஓவியம், சிற்பம் போன்ற நிறைவுற்ற பொருளை இக்கலை முதன்மையாகக் கருதுவதில்லை. மக்கள் கூடுவதற்கும் எண்ணுவதற்கும் மாதிரி செய்வதற்கும் வழக்காடுவதற்கும் உரிய சூழலை உருவாக்குவதையே அது தன் படைப்பாகக் கொள்கிறது. ஜெர்மானியக் கலைஞர் யோசப் பாய்ஸ் முன்வைத்த ‘சமூகச் சிற்பம்’ என்னும் கருத்து இதற்கு முன்னோடியாக அமைந்தது.

பங்கேற்பின் அளவுகோல்கள்

பங்கேற்பு என்னும் சொல் தன்னளவில் எதனையும் உறுதிசெய்வதில்லை என்பதை முதலில் தெளிவாக எடுத்துரைத்தவர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன். அவர் 1969இல் வெளியிட்ட கட்டுரை பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வகுத்தது. கீழிரு படிகளில் மக்கள் பங்கேற்பதாகத் தோன்றுவரேயன்றி உண்மையில் இயக்கப்படுவர். தகவல் அளித்தல், கருத்துக் கேட்டல், சமாதானப்படுத்தல் ஆகிய நடுப்படிகளில் மக்களின் குரல் கேட்கப்படும். அதனை நிறைவேற்றும் கட்டாயம் எவர்க்கும் இராது. கூட்டாண்மை, அதிகாரப் பகிர்வு, குடிமக்கள் கட்டுப்பாடு ஆகிய மேற்படிகளிலேயே முடிவெடுக்கும் ஆற்றல் கைமாறுகிறது. இவ்வேணியின் பயன், பங்கேற்பு நிகழ்ந்ததா என்னும் வினாவை, அதிகாரம் எவ்வளவு கைமாறியது என்னும் வினாவாக மாற்றியதில் உள்ளது.

கலைத்துறையில் இவ்விவாதம் வேறு வடிவம் கொண்டது. கிராண்ட் கெஸ்டர் 2004இல் வெளியிட்ட நூலில் உரையாடலையே கலைப்படைப்பாகக் காணும் அழகியலை வகுத்தார். கிளேர் பிஷப் 2006இல் எழுதிய கட்டுரையிலும் 2012இல் வெளியான நூலிலும் இப்போக்கை ஐயுற்றார். இத்தகைய முயற்சிகள் அவற்றின் நற்பயனைக் கொண்டு மட்டுமே மதிப்பிடப்படுகின்றன. கலையாக அவை எத்தகையன என்னும் மதிப்பீடு கைவிடப்படுகிறது என்பது அவரது குற்றச்சாட்டு. அரசு பின்வாங்கிய பணிகளைக் குறைந்த செலவில் செய்துமுடிக்கக் கலை அழைக்கப்படுகிறது என்னும் எச்சரிக்கையும் அவரிடம் உண்டு. இவ்விரு விவாதங்களும் தனித்தனியே வளர்ந்தமையால் நிலம் யாருடையது என்னும் அடிப்படைக் கேள்வி இரண்டிலும் போதிய இடம் பெறவில்லை. கீழ்வரும் மூன்று முயற்சிகளும் அக்கேள்வியை மையத்துக்குக் கொண்டுவருகின்றன.

பார்க் ஃபிக்‌ஷன்: வேட்கையின் உற்பத்தி

ஹாம்பர்க் நகரின் சாங்க்ட் பவுலி பகுதி எல்பே ஆற்றங்கரையில், துறைமுகத்தை நோக்கி அமைந்துள்ளது. அங்குள்ள ஹாஃபென்ஸ்ட்ராசே தெருவின் வெற்று வீடுகளில் 1981 முதல் இளைஞர்கள் குடியேறினர். அவர்களை வெளியேற்ற நகர நிருவாகம் முயன்றபோது எழுந்த போராட்டம் அப்பகுதி மக்களுக்கு ஒருங்கிணையும் பயிற்சியை அளித்தது. அவ்வீடுகளை அடுத்து, ஆற்றை நோக்கியிருந்த வெற்றுநிலத்தில் கட்டடங்கள் எழுப்ப நகரம் திட்டமிட்டது. நெருக்கமான குடியிருப்புகளும் மிகக் குறைந்த பசுமைவெளியும் கொண்ட அப்பகுதி மக்கள் அங்குப் பூங்கா வேண்டுமெனக் கோரினர்.

1990களின் நடுவில் கலைஞர்கள் கேத்தி ஸ்கீன், கிறிஸ்டோஃப் ஷேஃபர் ஆகியோரும் பின்னர்த் திரைப்படக் கலைஞர் மார்கிட் செங்கியும் இப்போராட்டத்தில் இணைந்தனர். தேவாலயம், பள்ளி, சமூகநல மையம், கடைக்காரர், முன்னாள் குடியேறிகள் எனப் பல தரப்பினரும் அக்கூட்டணியில் இருந்தனர். பூங்கா வேண்டும் என மனு அளித்துக் காத்திருப்பதை விடுத்து, நகரத்தின் ஒப்புதல் கிடைப்பதற்கு முன்பே அப்பூங்காவைத் திட்டமிடத் தொடங்கியதே இக்கூட்டணியின் தனித்தன்மை. இல்லாத பூங்காவை இருப்பதாகக் கொண்டு செயற்பட்டமையால் புனைவு எனப் பொருள்படும் ‘ஃபிக்‌ஷன்’ என்னும் சொல் அதன் பெயரில் இடம்பெற்றது.

அந்நிலத்தில் சரக்குப் பெட்டகம் ஒன்று திட்டமிடல் அலுவலகமாக நிறுத்தப்பட்டது. களிமண்ணில் மாதிரி செய்யும் மேசை, விருப்பங்களைச் சேமிக்கும் காப்பகம், இரவில் திடீரெனக் கருத்துத் தோன்றுவோர் அழைப்பதற்கான தொலைபேசி ஆகியன அதில் இருந்தன. வர இயலாதவர்களைத் தேடிச்செல்ல ஒரு கைப்பெட்டி உருவாக்கப்பட்டது. வினாத்தாள், வரைபடம், ஒலிப்பதிவுக் கருவி, உடனடி ஒளிப்படக் கருவி, துறைமுகக் காட்சியின் விரிபடம் ஆகியன அடங்கிய அப்பெட்டி வீடுதோறும் சென்றது. உலகப் பூங்காக்களின் வரலாறு குறித்த உரைகளும் பகுதியின் பல்வேறு இடங்களில் நிகழ்த்தப்பட்டன. விருப்பத்தைக் கேட்பதற்கு முன் விரும்பக்கூடியவற்றின் எல்லையை விரிப்பது இவ்வுரைகளின் நோக்கம். கண்டறியாத ஒன்றை எவரும் கேட்பதில்லை என்னும் எளிய உண்மை இம்முறையின் அடிப்படையாகும்.

இம்முறைக்குக் கலைஞர்கள் இட்ட பெயர் ஜெர்மன் மொழியில் ‘வுன்ஷ்ப்ரொடுக்ட்ஸியோன்’ என்பதாகும். தெலூஸ், குவாத்தாரி ஆகியோர் 1972இல் வெளியிட்ட நூலின் கலைச்சொல் ஒன்றுக்குரிய ஜெர்மானிய வடிவம் அது. இதனைத் தமிழில் ‘விருப்ப உற்பத்தி’ எனப் பெயர்த்தால் பொருள் சுருங்கிவிடுகிறது. விருப்பம் என்பது விண்ணப்பப் படிவத்தில் நிரப்பத்தக்கது. கொடுக்கப்பட்டவற்றுள் ஒன்றைத் தெரிவுசெய்வதையும் அச்சொல் குறிக்கும். ‘வேட்கை’ என்னும் சொல் இவ்விடத்துக்குக் கூடுதலாகப் பொருந்துகிறது. தொல்காப்பியக் களவியல் காதலின் நிலைகளை அடுக்குமிடத்து வேட்கையையே முதலில் வைக்கிறது. பின்வரும் எண்ணமும் மெலிவும் பிறவும் அதிலிருந்தே கிளைக்கின்றன. செயலுக்கு முந்தி நின்று செயலைத் தோற்றுவிக்கும் ஆற்றல் என்னும் இப்பொருளே ஹாம்பர்க் கலைஞர்கள் கருதியதற்கு நெருக்கமானது. எனவே இக்கட்டுரை ‘வேட்கை உற்பத்தி’ என்னும் தொடரை ஆள்கிறது.

1990களின் பிற்பகுதியில் நகரம் கட்டடத் திட்டத்தைக் கைவிட்டுப் பூங்காவுக்கு இசைந்தது. பொதுவெளிக் கலைக்கு நகரப் பண்பாட்டுத்துறை ஒதுக்கிய நிதியும் முயற்சிக்குத் துணைநின்றது. காசல் நகரில் 2002இல் நடைபெற்ற பதினொன்றாம் டாக்குமெண்டா கண்காட்சியில் இம்முயற்சியின் ஆவணங்கள் இடம்பெற்றன. 2005இல் பூங்கா நிறைவுற்றது. உலோகத்தாலான பனைவகை மரங்கள் நிற்கும் திட்டும், அலைபோல் நெளிந்து ‘பறக்கும் கம்பளம்’ எனப்படும் புல்வெளியும் மக்களின் வேட்கையிலிருந்து பிறந்தவை. வல்லுநர் ஒருவர் தனித்து வரைந்திருந்தால் இவ்விரண்டும் ஒரே பூங்காவில் இடம்பெற்றிருத்தல் அரிது. இஸ்தான்புல்லின் கெசி பூங்காவைக் காக்கப் போராடியவர்களுக்கு ஆதரவாக 2013இல் இப்பூங்கா ‘கெசி பார்க் ஃபிக்‌ஷன்’ எனப் பெயர் மாற்றப்பட்டது.

இவ்வெற்றிக்கு மறுபக்கமும் உண்டு. கலையும் பூங்காவும் ஆற்றுக்காட்சியும் கொண்ட பகுதியில் வாடகை உயர்வதும் பழைய குடிகள் வெளியேறுவதும் பல நகரங்களில் கண்ட நிகழ்வு. இதனை 1964இல் ரூத் கிளாஸ் இலண்டனை முன்வைத்துப் பெயரிட்டு விளக்கினார். தம் கலை இப்போக்குக்கு அழகூட்டப் பயன்படுத்தப்படுவதை ஹாம்பர்க் கலைஞர்களே உணர்ந்தனர். படைப்பாற்றல் மிக்க நகரம் என ஹாம்பர்க் தன்னை விளம்பரப்படுத்தியபோது, அவ்விளம்பரத்தில் தம் பெயர் இடம்பெறலாகாது என 2009இல் கலைஞர்கள் அறிக்கை வெளியிட்டனர். பூங்காவைப் பெற்ற மக்கள் அப்பூங்காவின் அருகே தொடர்ந்து வாழ முடியுமா என்னும் கேள்வி இவ்வாறு வீட்டு வாடகை குறித்த கேள்வியாக மாறியது.

பிளான்பூட: புதிய குடியிருப்பின் முன்னெழுத்து

அக்கேள்வி அதே பகுதியில் விரைவிலேயே நேரடியாக எழுந்தது. ரீப்பர்பான் தெருவையொட்டி, 1960ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் எழுந்த எஸ்ஸோ குடியிருப்புகள் இருந்தன. முற்றத்திலிருந்த எரிபொருள் நிலையத்தின் பெயரே அவற்றுக்கு வழங்கியது. குறைந்த வாடகைக் குடியிருப்புகளும் இசைக்கூடமும் சிறுகடைகளும் அங்கு இயங்கின. தனியார் நிறுவனம் ஒன்று 2009இல் அவற்றை வாங்கியது. 2013 திசம்பரில் கட்டடம் அதிர்வதாக உணரப்பட்டதையடுத்து ஒரே இரவில் குடியிருப்பாளர்கள் வெளியேற்றப்பட்டனர். 2014இல் கட்டடங்கள் இடிக்கப்பட்டன.

பகுதி மக்கள் பேரவையாகக் கூடி, புதிய கட்டடத்தின் திட்டமிடல் கீழிருந்து தொடங்க வேண்டுமெனக் கோரினர். அதன் விளைவாகக் கலைஞர், நகரத் திட்டமிடுநர், சமூகப் பணியாளர் ஆகியோர் அடங்கிய ‘பிளான்பூட’ என்னும் குழு உருவாயிற்று. ஷேஃபரும் செங்கியும் இதிலும் பங்குகொண்டனர். ‘பூட’ என்பது சந்தையிலும் திருவிழாவிலும் காணும் சிறு கொட்டகையைக் குறிக்கும் பேச்சுவழக்குச் சொல். ‘திட்டக் கொட்டகை’ என இதனைப் பெயர்க்கலாம். எதிர்ப்பியக்கமாகத் தொடங்கிய பார்க் ஃபிக்‌ஷனுக்கும் இதற்கும் முதன்மையான வேறுபாடு ஒன்று உண்டு. மாவட்ட நிருவாகமே இக்குழுவிடம் பணியை ஒப்படைத்தது. பார்க் ஃபிக்‌ஷன் வாயிலுக்கு வெளியே நின்று எழுப்பிய வினாவைப் பிளான்பூட உள்ளிருந்து எழுப்பியது.

இடிபாட்டு நிலத்தின் அருகே பெட்டகங்கள் நிறுத்தப்பட்டன. பொம்மைக் கட்டிகளாலும் பிசைமண்ணாலும் மாதிரிகள் செய்யப்பட்டன. வரைபடங்களும் வினாத்தாள்களும் பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் மதுக்கூடங்களுக்கும் சென்றன. 2,300க்கு மேற்பட்ட பங்களிப்புகள் சேர்ந்தன. இவ்வளவு வேறுபட்ட குரல்களை எவ்வாறு தொகுப்பது என்பதே இம்முயற்சியின் கடினமான பகுதி. வாக்கெண்ணிக்கையாகத் தொகுத்தால் பெரும்பான்மையின் விருப்பம் மட்டுமே எஞ்சும். குழுவினர் பங்களிப்புகளைப் படித்து, அவற்றில் திரும்பத் திரும்பத் தோன்றிய மதிப்புகளைப் பிரித்தெடுத்துச் ‘சாங்க்ட் பவுலி விதித்தொகுப்பு’ எனப் பெயரிட்டனர். ஒருமைக்கு மாறாகப் பன்மை, பெருங்கட்டட அளவுக்கு மாறாகச் சிற்றளவு, விலையுயர்ந்ததற்கு மாறாக எளியோர்க்கு எட்டுவது, நுகர்வுக் கட்டாயமற்ற திறந்தவெளி, மக்கள் தம் விருப்பப்படி மாற்றியமைத்துக்கொள்ளும் உரிமை ஆகியன அதன் உள்ளடக்கம்.

விதித்தொகுப்பு நேரே கட்டடமாக இயலாது. அது பேச்சுவார்த்தையின் வழி, கட்டடக்கலைப் போட்டிக்குரிய விதிமுறைகளாக மாற வேண்டியிருந்தது. ‘எளியோர்க்கு எட்டுவது’ என்னும் மதிப்பு அரசு மானியம் பெறும் வாடகை வீடுகளின் விழுக்காடாக மாறியது. குடியிருப்புகளில் ஏறத்தாழ 60 விழுக்காடு அவ்வகையின என்றும் தனித்தனியே விற்கப்படும் வீடுகள் இராது என்றும் உடன்பாடு ஏற்பட்டது. ‘நுகர்வுக் கட்டாயமற்ற திறந்தவெளி’ என்பது பொதுமக்கள் ஏறிச்செல்லத்தக்க கூரைகளாக மாறியது. 2015இல் நடந்த போட்டியில் ஆம்ஸ்டர்டாமின் என்.எல். ஆர்க்கிடெக்ட்ஸ், கொலோனின் பெல் ஆகிய நிறுவனங்களின் கூட்டு வடிவமைப்புத் தெரிவாயிற்று. கவிதையாகத் தொடங்கிய ஒன்று எண்ணாகவும் அளவாகவும் ஒப்பந்த வாசகமாகவும் மாறும் இம்மொழிபெயர்ப்பைக் கலைப்பணியாகவே கருத வேண்டும். ஏனெனில் வேட்கை பெரும்பாலும் தொலைந்துபோகும் இடம் இதுவே. கருத்துக்கேட்பு நடந்ததற்கும் கட்டடம் எழுந்ததற்கும் இடையில் எவரும் காணாத அறையில் இம்மாற்றம் வழக்கமாக நிகழ்கிறது. பிளான்பூட அவ்வறையின் கதவைத் திறந்துவைத்தது.

எனினும் ஒப்பந்தம் கட்டடமாகவில்லை. இடிப்புக்குப் பின் பல்லாண்டுகள் அந்நிலம் வெற்றிடமாகவே கிடந்தது. நகர நிருவாகத்தால் என்ன கட்டலாம் என வரையறுக்க முடிந்தது; கட்டுமாறு கட்டாயப்படுத்த முடியவில்லை. நிலம் தனியார் உடைமையாக இருந்தமையால் காலத்தைத் தீர்மானிக்கும் ஆற்றல் உடைமையாளரிடமே எஞ்சியது. காத்திருப்பின் சுமை வெளியேற்றப்பட்டவர்கள்மீது விழுந்தது. திரும்பி வரலாம் என்னும் உறுதிமொழி, திரும்பி வர வேண்டியவர் முதுமையடைந்தும் வேறிடத்தில் வேரூன்றியும் விட்டபின் பொருளிழக்கிறது.

கிரான்பி: உடைமையின் கைமாற்றம்

லிவர்பூலின் டொக்ஸ்டெத் பகுதியிலுள்ள கிரான்பி தெருக்களின் வரலாறு இதற்கு நேர்மாறான திசையில் செல்கிறது. 1981ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் அப்பகுதியின் வீடுகள் மெல்ல வெறுமையாயின. பழைய வீடுகளை இடித்துப் புதிய குடியிருப்புகள் எழுப்பும் அரசுத் திட்டம் 2000களில் வந்தது. 2011இல் அதன் நிதி நின்றது. விக்டோரியா காலத்து வரிசைவீடுகள் கொண்ட நான்கு தெருக்கள் மட்டும் இடிபாட்டிலிருந்து தப்பின. எஞ்சியிருந்த குடியிருப்பாளர்கள் தெருவில் செடிகள் நட்டனர்; பலகையடித்து மூடப்பட்ட சன்னல்களில் வண்ணம் தீட்டினர்; தெருச்சந்தை தொடங்கினர். இச்செயல்கள் எவரும் கலையெனப் பெயரிடாத நிலையில் நிகழ்ந்தவை என்பது குறிப்பிடத்தக்கது.

2011இல் அவர்கள் சமூக நில அறக்கட்டளை ஒன்றை நிறுவினர். சந்தை விலையேற்றத்திலிருந்து விலக்கி, நிலத்தையும் வீட்டையும் பகுதி மக்களுக்காகக் காத்துவைக்கும் அமைப்பு இது. அறக்கட்டளை நகரவையிடமிருந்து பெற்ற கெயின்ஸ் தெருவின் 10 வீடுகளை ‘அசெம்பிள்’ என்னும் இளம் கட்டடக் கலைக்குழு மக்களோடு இணைந்து புதுப்பித்தது. இடிபாட்டுக் கற்களை அரைத்துக் கணப்படுப்புச் சட்டங்களும், கையால் செய்த கதவுக் குமிழ்களும் ஓடுகளும் உருவாக்கும் பட்டறை அங்குத் தோன்றியது. 2015இல் அக்குழுவுக்குப் பிரித்தானியாவின் டர்னர் விருது வழங்கப்பட்டது. மேற்கூரை வீழ்ந்த வீடுகளுள் இரண்டு 2019இல் பொதுக் குளிர்காலத் தோட்டமாகத் திறக்கப்பட்டன.

வீடு புதுப்பித்தல் எவ்வாறு கலையாகும் என விருதின்போது எழுந்த விவாதம், பிஷப் எழுப்பிய ஐயத்தின் மறுவடிவமே. ஆனால் அவ்விவாதம் விருதுபெற்ற குழுவையே நோக்கியதால், குழு வருவதற்கு முன் பல்லாண்டுகள் செடி நட்டு வண்ணம் தீட்டிய மக்களின் பங்கு பின்னுக்குச் சென்றது. பங்கேற்புக் கலையில் மக்கள் கலைஞரின் பணியில் பங்கேற்பதாகக் கொள்வது வழக்கம். கிரான்பியில் மக்கள் தொடங்கிவைத்த பணியில் கலைஞர்களே பங்கேற்றனர்.

ஒப்பீடு

மூன்று முயற்சிகளையும் மூன்று அளவுகோல்களால் நோக்கும்போது சில உண்மைகள் புலப்படுகின்றன.

முதலாவது, வினாவை அமைப்பவர் யார் என்பது. பார்க் ஃபிக்‌ஷனிலும் கிரான்பியிலும் வினா மக்களிடமிருந்தே எழுந்தது. பிளான்பூடயில் மக்கள் பேரவை எழுப்பிய கோரிக்கையை நிருவாகம் ஏற்று, பணியை ஒப்படைத்தது. மூன்றிலும் ‘இத்திட்டம் உமக்கு உடன்பாடா’ என்னும் மூடிய வினா தவிர்க்கப்பட்டது. ஆர்ன்ஸ்டீனின் நடுப்படிகளைக் கடக்க இது முதல் நிபந்தனை.

இரண்டாவது, விடைகளைத் தொகுப்பவர் யார் என்பது. இவ்விடத்தில் கலைஞரின் பங்கு தனிச்சிறப்புடையது. காப்பகம், விதித்தொகுப்பு ஆகிய இரண்டும் மக்களின் சொற்களைப் புள்ளிவிவரமாகக் கரைத்துவிடாமல் காத்த வடிவங்கள். வடிவத்தைக் கண்டடைவது கலையின் பழைய தொழில் என்பதால், பிஷப் வேண்டும் அழகியல் மதிப்பீட்டை இம்முயற்சிகளில் செய்வதற்குரிய இடமும் இதுவே. பங்களிப்பின் தனித்தன்மை தொகுப்பில் எந்த அளவு எஞ்சியது என்பதைக் கொண்டு அவற்றின் கலைத்தரத்தை அளக்கலாம்.

மூன்றாவது, நிலம் யாருடையது என்பது. பார்க் ஃபிக்‌ஷன் நிலம் நகரத்துக்குரியது. ஆகவே அரசியல் அழுத்தம் அதனை அசைத்தது. எஸ்ஸோ நிலம் அப்போது தனியார்க்குரியதாக இருந்தது. ஆகவே மிகச் செம்மையாகத் தொகுக்கப்பட்ட வேட்கையும் உடைமையாளரின் காலக்கணக்குக்குக் காத்திருந்தது. கிரான்பியில் உடைமையே மக்கள் அமைப்புக்கு மாறியது. ஆகவே அங்கு நிறைவேறியவை அளவில் சிறியனவெனினும் நிலைத்தன்மை மிக்கவை. 2,300க்கு மேற்பட்ட பங்களிப்புகள் வெற்றுநிலத்தின்முன் நின்றபோது, பத்து வீடுகள் குடியேற்றத்துக்கு வந்தன என்னும் முரண் இதனை உணர்த்துகிறது. பங்கேற்பின் பரப்பு அதன் பயனை உறுதிசெய்வதில்லை.

இம்முடிவின் எல்லையையும் சுட்ட வேண்டும். மூன்று முயற்சிகளிலிருந்து பொதுவிதி வகுக்க இயலாது. பூங்காவும் குடியிருப்பும் ஒரே பொருளாதார அழுத்தத்துக்கு உட்பட்டவையல்ல. பத்து வீடுகளின் முதலீட்டையும் நகர மையத்துப் பெருங்கட்டடத்தின் முதலீட்டையும் நேரடியாக ஒப்பிடவும் இயலாது. எனினும் நிலவுடைமையைக் கருதாமல் பங்கேற்பை மதிப்பிடுவது முழுமையற்றது என்பதை நிறுவ இவை போதும்.

முடிவுரை

பங்கேற்புக் கலை நகரத் திட்டமிடலுக்கு அளித்தது அலங்காரம் அன்று; கேட்கும் முறையையும் தொகுக்கும் வடிவத்தையும் அது அளித்தது. இல்லாத பூங்காவை இருப்பதாகக் கொண்டு மக்கள் நடந்தமையால்தான் அப்பூங்கா உருவாயிற்று. அதே வேளையில், கேட்கப்பட்ட வேட்கை நிறைவேறாமல் நீண்டகாலம் கிடக்குமாயின், கேட்காமலிருந்ததினும் அது கொடியதாகலாம். மக்கள் தம் காலத்தையும் நம்பிக்கையையும் அதில் செலவிட்டிருக்கின்றனர். ஆதலால் இத்தகைய முயற்சியைத் தொடங்கும் கலைஞரும் நிருவாகமும் முதற்கேள்வியாக எதனை விரும்புகிறீர் என்று வினவுவதற்கு முன், இந்நிலம் யாருடையது, நிறைவேற்றும் கடமை யாருக்கு, எக்காலத்துக்குள் என்பவற்றை மக்கள்முன் வைப்பது அறமாகும். இவ்விடையைப் பெற்ற பின்னரே வேட்கையை உற்பத்தி செய்யும் கலை தன் சொல்லுக்குப் பொறுப்பேற்க இயலும்.